கோபக்காரப் பிள்ளைகளும் அவர்கள் படிக்கிற கதைகளும்: வாசகர் கேள்வி-பதில்

போன இதழில் 13 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் படிக்கிற ஆங்கில நாவல்கள் சிலவற்றைப் பற்றி எழுதியிருந்தேன். எஸ்.இ. ஹின்டனின் ‘தி அவுட்சைடர்ஸ்’, சாலிஞ்சரின் ‘தி கேட்சர் இன் தி ரை’, ராபர்ட் கார்மியரின் ‘தி சாக்லேட் வார்’ என்று. அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான். வீட்டையும் பள்ளியையும் எதிர்த்து நிற்கிற பிள்ளைகளின் கதையைப் படித்தால் நம் பிள்ளைகளும் அப்படி ஆகிவிட மாட்டார்களா என்று. அதனால் இந்த முறை மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இதற்கும் இதையொட்டி வந்த கேள்விகளுக்கும் மட்டும் பதில் எழுதுகிறேன்.

அக்கா, என் மகனுக்கு 14 வயது. நீங்கள் எழுதியதைப் பார்த்து அவனே ‘அவுட்சைடர்ஸ்’ வாங்கிவிட்டான். நானும் புரட்டிப் பார்த்தேன். பையன்கள் சிகரெட் பிடிக்கிறார்கள், கோஷ்டி சேர்ந்து அடித்துக்கொள்கிறார்கள், ஒருவன் கத்தியால் குத்திக் கொன்றே விடுகிறான், அப்புறம் வீட்டுக்குத் தெரியாமல் ஓடிப்போகிறார்கள். பிள்ளை கெட்டுப்போக மாட்டானா? பிடுங்கி வைத்துவிடட்டுமா?
(ஒரு தாய், திருச்சி)

பிடுங்க வேண்டாம்மா. புரட்டினது போதாது, ஒரு தடவை முழுதாகப் படித்துவிடுங்கள். சின்னப் புத்தகம்தான், இரண்டு ராத்திரியில் முடித்துவிடலாம்.

நீங்கள் சொன்னது எல்லாமே அதில் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கொலைக்குக் கொஞ்ச நேரம் முன்னால் ஒரு பக்கம் வருகிறது, புரட்டும்போது அது உங்கள் கண்ணில் படாமல் போயிருக்கும். கதை சொல்கிற போனிபாய்க்கும் 14 வயதுதான். அப்பா அம்மா இரண்டு பேரும் எட்டு மாதம் முன்பு கார் விபத்தில் போய்விட்டார்கள். மூத்த அண்ணன் டேரிக்கு வயது 20, கல்லூரிக்குப் போயிருக்க வேண்டியவன், தம்பிகள் இரண்டு பேரையும் வளர்ப்பதற்காகக் கூரை வேலைக்குப் போகிறான். ஒருநாள் போனிபாய் நண்பன் ஜானியோடு காலிமனையில் படுத்து நட்சத்திரம் பார்த்துக்கொண்டே தூங்கிவிடுகிறான். வீட்டுக்கு வரும்போது ராத்திரி இரண்டு மணி. டேரி தூங்காமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். கத்துகிறான், நடு அண்ணன் குறுக்கே வர அவன் மேலும் எரிந்து விழுகிறான், ‘அவனைத் திட்டாதே’ என்று போனிபாய் கத்த, விழுகிறது ஒரு அறை. அந்த வீட்டில் அதுவரை யாரும் அவன் மேல் கை வைத்ததில்லை. அடுத்த நொடி டேரி தன் உள்ளங்கையைப் பார்க்கிறான், சிவந்திருக்கிறது. தம்பியைப் பார்க்கிறான். என்னவோ சொல்ல வாயெடுப்பதற்குள் தம்பி வாசலைத் தாண்டி ஓடிவிட்டான். ஓடினவன் ஜானியோடு பூங்காவுக்குப் போகிறான், அங்கேதான் பணக்கார வீட்டுப் பையன்கள் வந்து அவனை நீரூற்றுத் தொட்டிக்குள் அமுக்குகிறார்கள், அவன் மூச்சு நின்றுவிடுமோ என்ற பயத்தில் ஜானி கத்தியை எடுக்கிறான்.

சனிக்கிழமைகளில் என் வீட்டு வராந்தாவில் ஏழெட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சத்தமாகப் படிக்கிற வழக்கம் எனக்கு உண்டு. இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் ஒரு பையன், உங்கள் மகன் வயசுதான், “அந்தக் கையைப் பார்க்கிற இடத்தை மட்டும் இன்னொரு தடவை படிங்கக்கா” என்றான். படித்தேன். ஒன்றும் சொல்லவில்லை. எல்லாரும் கிளம்பும்போது செருப்பைப் போட்டுக்கொண்டே, “அவங்க அண்ணன் ரெண்டு மணி வரைக்கும் தூங்காம உக்காந்திருந்தான் இல்லக்கா?” என்று கேட்டுவிட்டுப் போனான். அவன் வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது, நானும் கேட்கவில்லை. ஆனால் அந்த வயதில் அடி வாங்கினவன் பக்கம் மட்டும் நின்று படித்திருக்க வேண்டிய பையன், நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனையும் பார்த்துவிட்டான். பெரியவர்களிடம் மரியாதையாக இரு என்று நூறு தடவை சொன்னாலும் இது வராது, எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

அப்புறம் நீங்கள் சொன்ன சிகரெட். தலைமறைவாக இருக்கிற பையன்கள் ஒரு பழைய தேவாலயத்தில் ஒளிந்திருக்கிறார்கள். அவர்கள் வெளியே போயிருந்த நேரம் அது தீப்பற்றி எரிகிறது, உள்ளே சின்னப் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். நாம் போட்ட சிகரெட் துண்டாகத்தான் இருக்கும் என்று போனிபாய்க்கே மனசில் படுகிறது, ஓடிப்போய் உள்ளே குதிக்கிறான், ஜானியும் பின்னாலேயே குதிக்கிறான். ஜானிக்கு முதுகெலும்பு முறிகிறது, கடைசியில் செத்தும் போகிறான். போலீசில் சரணடைந்துவிடலாம் என்று அதற்கு முன்பே தானாக முடிவெடுத்திருந்தவன் அவன், யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை.

இதை எழுதியதும் ஒரு பள்ளி மாணவிதான், இதைச் சொல்லியே ஆக வேண்டும். அமெரிக்காவில் ஒக்லஹோமா மாநிலத்துத் துல்சா நகரம், அங்கே படித்துக்கொண்டிருந்த ஹின்டனின் நண்பனை வசதியான வீட்டுப் பையன்கள் அடித்துப் போட்டுவிட்டார்கள், அந்தக் கோபத்தில் எழுத ஆரம்பித்தபோது அவருக்கு 15 வயது. 1967இல் புத்தகம் வந்தபோது 18. பெண் எழுதினது என்று தெரிந்தால் விமர்சகர்கள் மதிக்க மாட்டார்கள் என்று பதிப்பகத்தார்தான் பெயரை எஸ்.இ. என்று சுருக்கிப் போட்டார்கள். பெரியவர் ஒருவர் மேடையில் ஏறிச் சொன்ன கதை இல்லை என்பதால்தான் உங்கள் மகன் இதை நம்பிப் படிக்கிறான்.

படித்து முடித்ததும் இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். டேரி அடித்தது சரியா என்று கேளுங்கள். கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம்.

சகோதரி, நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கீழ்ப்படிதல்தானே முதல் பண்பு? அது இருந்தால் மற்றதெல்லாம் தானாக வரும். நீங்கள் சிபாரிசு செய்யும் கதைகள் எல்லாமே கீழ்ப்படியாமையைத்தான் கற்றுக்கொடுக்கின்றன.
(ஒரு வாசகர், நாகர்கோவில்)

ஐயா, 50 பிள்ளைகள் இருக்கிற வகுப்பைக் கீழ்ப்படிதல் இல்லாமல் நடத்த முடியாது, அது உங்களுக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது. ஆனால் அதுதான் முதல் பண்பு என்பதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. காரணத்தை ஒரு பழைய கதையை வைத்துச் சொல்கிறேன், மார்க் ட்வைனின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’. அமெரிக்காவில் 1885இல் வந்தது, அடிமை முறை இருந்த காலத்தில் நடக்கிறது.

ஹக் பதின்ம வயதுப் பையன். குடிகார அப்பாவிடமிருந்து தப்பி, ஜிம் என்கிற கறுப்பின அடிமையோடு மிஸிஸிப்பி ஆற்றில் தெப்பத்தில் போகிறான். ஜிம் தன்னைச் சொந்தமாக வைத்திருக்கிற அம்மாளிடமிருந்து ஓடிவந்தவன். ஓடிப்போன அடிமைக்கு உதவுவது சட்டப்படி குற்றம், திருட்டுக்குச் சமம், செத்தால் நரகம் என்றுதான் ஹக்குக்கு ஊரும் கோயிலும் சொல்லிக்கொடுத்திருக்கின்றன. ஹக் அதை முழுசாக நம்புகிறான். ஒரு கட்டத்தில் பயம் பிடித்துக்கொள்ள, ஜிம் எங்கே இருக்கிறான் என்று அந்த அம்மாளுக்குக் கடிதமே எழுதிவிடுகிறான். எழுதியதும் பாவமெல்லாம் கழுவிப்போன மாதிரி நெஞ்சு லேசாகிறது. சரி, இப்போது பிரார்த்தனை பண்ணலாம் என்று நினைக்கிறவன், பண்ணாமல் அப்படியே உட்கார்ந்து யோசிக்கிறான். தெப்பத்தில் தன் முறைக் காவல் முடிந்த பிறகும், ஹக் தூங்கட்டும் என்று எழுப்பாமல் அவன் முறையையும் ஜிம் சேர்த்துப் பார்த்தது ஞாபகம் வருகிறது. கடிதத்தைக் கையில் எடுக்கிறான், கை நடுங்குகிறது. சரி, அப்படியென்றால் நான் நரகத்துக்கே போகிறேன் என்று சொல்லிக் கிழித்துப் போடுகிறான்.

இதில் என்னை உலுக்குவது என்னவென்றால், தான் நல்லது செய்கிறோம் என்று அவனுக்குத் தெரியவே தெரியாது. அதைப் புண்ணியம் என்று சொல்ல அவனுக்கு யாரும் வார்த்தை கொடுக்கவில்லை. அவனைப் பொறுத்தவரை அது பாவம்தான், தெரிந்தே செய்கிற பாவம். கீழ்ப்படிதலை முதலில் வைத்திருந்தால் அந்தப் பையன் கடிதத்தைத் தபாலில் போட்டிருப்பான், ஐயா. ஜிம் தனக்குச் செய்ததை அவன் மறக்கவில்லை, அந்த நன்றிதான் அவனை நிறுத்தியது. நன்றியைப் பற்றி வள்ளுவரை வைத்து நீங்கள் எத்தனை வகுப்பு எடுத்திருப்பீர்கள், நான் சொல்ல வேண்டியதில்லை.

அதே 1885இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கான்கார்ட் ஊர்ப் பொது நூலகம் இந்தப் புத்தகத்தை வேண்டாம் என்று வெளியே வைத்தது, பிள்ளைகளைக் கெடுக்கும் என்று. ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கறுப்பின மக்களை இழிவாகச் சொல்லும் ஒரு வார்த்தை இதில் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது, அது தங்கள் பிள்ளைகளின் காதில் வகுப்பறையில் விழுவதை அமெரிக்கக் கறுப்பினப் பெற்றோர் பலர் எதிர்த்திருக்கிறார்கள். அந்த எதிர்ப்பு நியாயமானது. நம் ஊரில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அது எப்படி வலிக்கும் என்று நமக்குத் தெரியாதா? அதனால் இதைத் தனியாகப் படிக்கக் கொடுக்காதீர்கள், உங்களைப் போன்ற ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

போதைப் பழக்கத்தின் ஆபத்தைப் புரியவைக்க ‘கோ ஆஸ்க் ஆலிஸ்’ புத்தகத்தை மகளுக்குக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். ஒரு பெண்ணின் உண்மையான டைரி என்கிறார்களே?
(ஒரு வாசகி, ஈரோடு)

உண்மையான டைரி என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். 1971இல் ஆசிரியர் பெயர் இல்லாமல், போதையில் சிக்கிய பெண்ணின் நாட்குறிப்பு என்று வந்தது, லட்சக்கணக்கான பிள்ளைகள் அப்படியே நம்பிப் படித்தார்கள். பிறகு பீட்ரிஸ் ஸ்பார்க்ஸ் என்ற அம்மையார் தான் தொகுத்ததாகச் சொல்லிக்கொண்டு வந்தார், அமெரிக்கப் பதிப்புரிமைப் பதிவில் அவர் பெயர்தான் ஆசிரியர் என்று இருக்கிறது.

நோக்கம் நல்லதுதான். ஆனால் பிள்ளையிடம் பொய் சொல்லக் கூடாது என்று சொல்லிக்கொடுக்கிற நாம், பயமுறுத்துவதற்காக ஒரு பொய்யைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தால் அவள் நாளைக்கு அதைக் கூகுளில் தட்டித் தெரிந்துகொள்வாள். அப்புறம் போதையைப் பற்றி நீங்கள் சொன்ன உண்மையையும் சேர்த்து நம்ப மாட்டாள். கதை என்று சொல்லியே கொடுங்கள். இல்லையென்றால் அதை விட்டுவிட்டு நேராக உட்கார்ந்து பேசுங்கள்.

அக்கா, எனக்கு 16 வயது. ‘கேட்சர் இன் தி ரை’ படித்தேன். ஹோல்டன் எல்லாரையும் போலி போலி என்று குறை சொல்லிக்கொண்டே இருக்கிறான், எரிச்சலாக இருந்தது. எங்கள் மிஸ்ஸும் அது கெட்ட வார்த்தைப் புத்தகம் என்கிறார். இது ஏன் பெரிய புத்தகம்?
(ஒரு மாணவி, கோவை)

எரிச்சல் வந்தால் வந்ததுதான் கண்ணு, அதற்காக வெட்கப்படாதே. எனக்கும் முதல் தடவை படித்தபோது அவன் மேல் கோபம்தான் வந்தது. பள்ளியிலிருந்து துரத்தப்பட்டு, வீட்டுக்குப் போகாமல் நியூயார்க் தெருக்களில் சுற்றுகிற பையன், பார்க்கிறவர்களை எல்லாம் திட்டுகிறான், தானும் நிறையப் பொய் சொல்கிறான்.

ஆனால் கடைசிப் பகுதியில் ஒரு இடத்தை மறுபடி எடுத்துப் பார். தங்கை ஃபீபி படிக்கிற பள்ளிக்குப் போகிறான். மாடிப்படிச் சுவரில் யாரோ ஒரு ஆபாச வார்த்தையை எழுதிவைத்திருக்கிறார்கள். ஃபீபியும் மற்றக் குட்டிப் பிள்ளைகளும் இதைப் பார்ப்பார்களே, எவனாவது அதற்கு அர்த்தமும் சொல்லிக்கொடுப்பானே என்று அவனுக்கு வயிறு எரிகிறது. கையாலேயே தேய்த்து அழிக்கிறான். அழிக்கும்போது, ஆசிரியர் யாராவது வந்து நான்தான் எழுதினேன் என்று நினைத்துவிட்டால் என்ன செய்வது என்று பயம் வேறு. இறங்கி வந்தால் இன்னொரு சுவரிலும் அதே வார்த்தை, இது கத்தியால் கீறினது, எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை.

உங்கள் மிஸ் சொல்கிற கெட்ட வார்த்தைகளில் ரொம்ப மோசமானது இந்த இடத்தில் வருவதுதான். அதை எழுதியவன் ஹோல்டன் இல்லை, அழிக்கப் பார்க்கிறவன். 1951இல் வெளிவந்த புத்தகம், 1960இல் துல்சாவில், ஆமாம், ஹின்டன் வளர்ந்த அதே ஊரில்தான், பதினோராம் வகுப்புக்கு இதைப் பாடமாக வைத்த ஆசிரியரை வேலையை விட்டே எடுத்தார்கள். முறையிட்ட பிறகு வேலை திரும்பக் கிடைத்தது, புத்தகத்தை மட்டும் பள்ளியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த வார்த்தைகளை எண்ணினவர்கள் இந்தப் பையன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று ஒரு நிமிடம் பார்த்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பிடிக்கவில்லை என்றால் மூடிவைத்துவிடு. இரண்டு வருடம் கழித்து எடுத்துப் பார். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் எனக்கு எழுது, ஏன் பிடிக்கவில்லை என்று விவரமாக.

எந்த வயதில் எந்தப் புத்தகம் என்று ஒரு பட்டியல் போடுங்களேன்.
(ஒரு வாசகர், மதுரை)

போட மாட்டேன். ஒரே வீட்டில் இருக்கிற இரண்டு பிள்ளைகளுக்கே ஒரே பட்டியல் பொருந்தாது. உங்கள் பிள்ளையை நான் பார்த்ததில்லை, நீங்கள் பார்க்கிறீர்கள். கொடுக்கிற புத்தகத்தை முதலில் நீங்கள் படியுங்கள், அவ்வளவுதான்.

‘சாக்லேட் வார்’ படித்துவிட்டு என் 15 வயது மகள் அழுதுவிட்டாள். எதிர்த்து நின்ற பையன் கடைசியில் அடிபட்டுத் தோற்றுப்போகிறான், கெட்டவர்கள் அப்படியே இருக்கிறார்கள். நல்லவன் தோற்கிற கதையைப் பிள்ளைகளுக்கு எழுதலாமா? இதனால் என்ன பயன்?
(ஒரு தகப்பன், தாம்பரம்)

உங்கள் மகள் அழுதாள் என்று படித்ததும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் சார். அநியாயம் நடந்தால் அழுகை வருகிற மனசு அவளுக்கு இருக்கிறது.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு கத்தோலிக்க ஆண்கள் பள்ளி. நிதி திரட்ட மாணவர்கள் ஒவ்வொருவரும் 50 பெட்டி சாக்லேட் விற்க வேண்டும். நம் பள்ளிகளில் நன்கொடைக் கூப்பன் புத்தகத்தைக் கையில் திணித்து அக்கம்பக்கத்தில் விற்றுவரச் சொல்வார்களே, அந்த மாதிரிதான், பெயருக்கு விருப்பம், நடைமுறையில் கட்டாயம். பள்ளிக்குள் ஒரு ரகசிய மாணவர் கும்பலும் இருக்கிறது. அவர்கள் ஜெர்ரி என்கிற புதுப் பையனிடம், பத்து நாளைக்கு விற்க மறுக்க வேண்டும் என்று உத்தரவு போடுகிறார்கள். மறுக்கிறான். பத்து நாள் முடிந்த பிறகும், விற்கலாம் என்று அனுமதி வந்த பிறகும், மாட்டேன் என்கிறான். அந்த ‘மாட்டேன்’ அவனுடையது, யாரும் சொல்லிக்கொடுத்தது கிடையாது. அதைத்தான் பள்ளி நிர்வாகத்தாலும் தாங்க முடியவில்லை, கும்பலாலும் தாங்க முடியவில்லை. ஆசிரியரும் ரவுடிப் பையன்களும் ஒரே பக்கம் வந்து சேர்கிறார்கள்.

கார்மியருக்கு இது தன் வீட்டிலிருந்தே கிடைத்தது. அவருடைய மகன் பள்ளியிலிருந்து விற்பதற்கு சாக்லேட் கொண்டுவந்தான், விற்கப் பிடிக்கவில்லை என்றான், வேண்டாமென்றால் விட்டுவிடு என்று அப்பாவும் சொல்லிவிட்டார், திருப்பிக் கொடுத்தான். ஒன்றுமே நடக்கவில்லை! அவனை அந்தப் பள்ளி ஒன்றும் செய்யவில்லை. ஆனால் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற யோசனை அப்பாவை விடவில்லை, அது நாவலாகிவிட்டது. முடிவு ரொம்ப இருட்டாக இருக்கிறது, மாற்றுங்கள் என்று பதிப்பாளர்கள் கேட்டார்கள். அவர் மறுத்துவிட்டார். மாற்றாமலே போடுகிற பதிப்பகம் கிடைத்து 1974இல் வந்தது.

நீங்கள் கேட்ட பயனுக்கு வருகிறேன். அந்தக் கடைசிக் காட்சியை மகளோடு உட்கார்ந்து படியுங்கள். ராத்திரி, விளையாட்டு மைதானம், ஜெர்ரியும் ஒரு முரடனும் சண்டை போட மேடை. மாணவர்கள் சீட்டு வாங்கி, யார் யாரை எங்கே குத்த வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிறார்கள், மேடையில் அதைப் படிக்கப் படிக்கக் குத்த வேண்டும். நம்மை நிஜமாகவே பயப்பட வைக்கிற ஆட்கள் மேடையில் இல்லை, அந்தச் சீட்டை வாங்கினவர்கள்தான். சாதாரணப் பையன்கள், வீட்டில் நல்ல பெயர் எடுத்தவர்கள். ஒரு பத்துப் பேர் சீட்டு வாங்காமல் எழுந்து போயிருந்தால் அன்றைக்கு அந்தப் பையன் இப்படி அடிபட்டிருக்க மாட்டான். ஜெர்ரி ஜெயித்திருந்தால், ஒரு ஹீரோ வந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வான் என்று நம் பிள்ளைகள் நிம்மதியாகப் புத்தகத்தை மூடியிருப்பார்கள். அவன் தோற்றதால்தான் கூட்டத்தில் நான் எங்கே உட்கார்ந்திருப்பேன் என்ற கேள்வி வருகிறது.

ஒரே ஒரு எச்சரிக்கை. வகுப்பில் தனியாக ஒதுக்கப்பட்டு ஏற்கெனவே நொந்துபோயிருக்கிற பிள்ளை கையில் இதைக் கொடுக்காதீர்கள். எதிர்த்து நின்று பயனில்லை, சொன்னதைச் செய்துவிட்டுப் போ என்று ஜெர்ரியே கடைசியில் நினைக்கிறான். அந்த வார்த்தை அந்தப் பிள்ளைக்கு அப்படியே உள்ளே போய்விடும்.

தமிழில் இப்படி ஏதாவது இருக்கிறதா?
(கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

இளைஞர்களுக்கென்றே தனியாக எழுதினது என்றால் குறைவுதான் தம்பி. சின்னப் பிள்ளைகளுக்கு எழுதுகிறார்கள், அப்புறம் நேராகப் பெரியவர்களுக்கு எழுதுகிறார்கள், நடுவில் இருக்கிற 13லிருந்து 18 வரை யாரும் கண்டுகொள்வதில்லை. எனக்கு இது பெரிய வருத்தம்.

ஆனால் உன் வயதுக்கு பூமணியின் ‘வெக்கை’யைப் படித்துவிடு. 1982இல் வந்தது. ‘அசுரன்’ படம் பார்த்திருப்பாய், அது இந்த நாவலை வைத்து எடுத்தது, ஆனால் நாவல் வேறு மாதிரி. சிதம்பரம் என்கிற 15 வயதுப் பையன் தன் அண்ணனைக் கொன்றவனைப் பழிவாங்கப் போகிறான், கையை மட்டும் வெட்ட நினைத்தது கொலையாகிவிடுகிறது. அப்புறம் தகப்பனும் மகனும் காட்டிலும் மேட்டிலும் ஒளிந்து திரிகிறார்கள். ‘அவுட்சைடர்ஸ்’ பையன்களும் ஒளிகிறார்கள், ஆனால் அவர்களுக்குப் பெரியவர் துணை இல்லை. இங்கே தகப்பன் கூடவே வருகிறார், சமைத்துப் போடுகிறார், பேசுகிறார். மகன் செய்ததை அவர் கொண்டாடவும் இல்லை, அவனைக் கைவிடவும் இல்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு அப்பா எப்படி இருக்க முடியும் என்று பார்ப்பதற்காகவே படிக்கலாம். கரிசல் பேச்சு முதல் இருபது பக்கம் உன்னைக் கொஞ்சம் தடுமாற வைக்கும், அப்புறம் தானாகப் பழகிவிடும்.

நான் ஒரு பள்ளி நூலகர். சில பெற்றோர் வந்து இந்த மாதிரிப் புத்தகங்களை எடுத்துவிடச் சொல்கிறார்கள். என்ன செய்வது?
(ஒரு வாசகி, சேலம்)

இதே சண்டை அமெரிக்காவில் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. நியூயார்க் மாநிலத்தில் லாங் ஐலண்டில் ஒரு பள்ளி வாரியம் 1976இல் சில புத்தகங்களை நூலகத்திலிருந்து எடுத்தது. மேலே சொன்ன ‘கோ ஆஸ்க் ஆலிஸ்’ அதில் ஒன்று. போதை வேண்டாம் என்று பயமுறுத்த எழுதினதையே கெட்ட புத்தகம் என்று எடுத்துவிட்டார்கள்! ஸ்டீவன் பிக்கோ என்ற மாணவரும் இன்னும் நான்கு பேரும் வழக்குப் போட்டார்கள். 1982இல் தீர்ப்பு, நீதிபதிகள் 5-க்கு 4 என்று பிரிந்தாலும் மாணவர்கள் பக்கம்தான் முடிந்தது. ஒரு புத்தகத்தில் இருக்கிற கருத்து பிடிக்கவில்லை என்பதற்காகப் பள்ளி நூலகத்திலிருந்து அதை எடுக்கக் கூடாது என்பதுதான் முதன்மைத் தீர்ப்பின் சாரம்.

அந்தத் தீர்ப்பு சேலத்தில் செல்லாது, தெரியும். உங்களுக்கு உதவுகிற விஷயம் வேறு. அந்த வாரியம் புத்தகங்களை எடுத்த பிறகு பெற்றோரும் பள்ளி ஊழியர்களும் சேர்ந்த ஒரு குழுவைப் போட்டது, குழு படித்துப் பார்த்துச் சில புத்தகங்களைத் திரும்ப வைக்கலாம் என்றது, வாரியம் அதில் பெரும்பகுதியைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நீங்கள் ஒரு குழு போடுங்கள். புகார் சொல்கிற பெற்றோரையே அதில் சேருங்கள். ஒரே நிபந்தனை, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்திருக்க வேண்டும். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய இரண்டு வரியை வைத்துப் பேசக் கூடாது. படித்த பிறகும் தன் பிள்ளைக்கு வேண்டாம் என்று ஒரு தாய் சொன்னால் அது அவர் உரிமை, அந்தப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். மற்றப் பிள்ளைகளுக்கு அலமாரி அப்படியே இருக்கட்டும்.

அக்கா, எனக்கு 15 வயது. நூலகத்திலிருந்து எடுத்துவந்த ‘ஹக்கிள்பெரி ஃபின்’ புத்தகத்தை, பாடம் படிக்காமல் கதைப் புத்தகம் படிக்கிறேன் என்று அப்பா கோபத்தில் கிழித்துவிட்டார். திருப்பிக் கொடுக்க வேண்டிய தேதி வந்துவிட்டது. பஸ்ஸில் தொலைந்துவிட்டது என்று சொல்லிவிடலாமா? அப்பாவைக் காட்டிக்கொடுக்கவும் மனசு வரவில்லை.
(ஊர், பெயர் வேண்டாம்)

தம்பி, உன் கடிதத்தைத்தான் இந்த முறை இரண்டு தடவை படித்தேன். இவ்வளவு நடந்த பிறகும் அப்பாவைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை என்று எழுதியிருக்கிறாயே, அதை உன் அப்பா ஒருநாள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பஸ்ஸில் தொலைந்தது என்று சொல்லாதே. நூலகரிடம் போய், வீட்டில் கிழிந்துவிட்டது, என் பொறுப்பில் இருந்தது, என்ன கட்ட வேண்டும் என்று கேள். யார் கிழித்தது என்று அவர் கேட்டால், அதை மட்டும் கேட்காதீர்கள் சார் என்று சொல்லிவிடலாம், அது பொய் இல்லை. நிறைய நூலகங்களில் அதே புத்தகம் வேறு பிரதி வாங்கிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வார்கள். பழைய புத்தகக் கடைகளில் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ சல்லிசாகக் கிடைக்கும். கையில் காசு இல்லையென்றால் தவணையாகக் கொடுக்கிறேன் என்று கேட்டுப் பார், கேட்பதில் அவமானம் இல்லை.

அப்பாவிடம் இன்றைக்கே பேசாதே. அவர் சாப்பிட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரு ராத்திரி, புத்தகத்துக்கு இவ்வளவு கட்டினேன், நூலகத்தில் உங்கள் பெயரைச் சொல்லவில்லை என்று மட்டும் சொல். திட்டினாலும் பதில் பேசாமல் எழுந்து வந்துவிடு. அவர் அதைப் பற்றி யோசிக்கட்டும். பாடப் புத்தகத்தையும் கொஞ்சம் எடுத்து வைத்துப் படி, அவர் பயம் முழுக்கப் பொய்யான பயம் என்று நான் சொல்ல மாட்டேன்.

கிழிந்த பக்கங்களைக் குப்பையில் போட்டுவிடாதே. பிளாஸ்டிக் டேப் ஒட்டாதே, கொஞ்ச நாளில் மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். மைதா மாவைத் தண்ணியாகக் காய்ச்சி, மெல்லிய டிஷ்யூ பேப்பரைப் பட்டையாக வெட்டி, கிழிந்த இடத்தில் பின்பக்கமாக ஒட்டு. மேலும் கீழும் ஒட்டாத மெழுகுத்தாள் வைத்து, கனமான நாலு பாடப் புத்தகத்தை ஏற்றி ஒருநாள் விட்டுவிடு. ஹக் கடிதத்தைக் கிழிக்கிற இடம் 31ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. அந்தப் பக்கங்கள் இருக்கின்றனவா என்று முதலில் தேடி எடுத்துவை.